அசல் மின்சாரம் எது?

(கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பீகாரில், பாட்னாவிலிருந்து கயைக்குச் செல்லும் வழியில், ஜெகனாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அவ்வூரின் மின் இணைப்பு அற்றுப்போனது. அதன் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது திரும்பவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, டீசல் இயந்திரத்தில் நீரிறைத்து வாழ்ந்தது. மாவட்டத் தலைநகருக்கும் மாநிலத் தலைநகருக்கும் செல்லும் கம்பிகள் எங்கோ தொலைவில் இல்லை. ஊரின் கண்ணெதிரேதான் சென்றன.

2014 ஜூலையில் அங்கே 100 கிலோவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. கிரீன்பீஸ் அமைப்பு வேறு சில தன்னார்வ அமைப்புகளுடன் சேர்ந்து அதனை நிறுவியது. சுமார் 450 வீடுகள், 50 கடைகள், பள்ளிகள், தெருவிளக்குகள், ஒரு சுகாதார மையம் ஆகியவற்றுக்கு அதிலிருந்து மின்சாரம் சென்றது. நீர் இறைக்கும் பம்புகளுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. நிலக்கரி இல்லாமலும், நீண்ட மின்தொடர் இல்லாமலும் ஓர் ஊர் தனது மின்சாரத்தைத் தானே பெற முடியும் என்பதற்குச் சான்றாகத் தர்னாய் நாடெங்கும் பேசப்பட்டது.

அதிக நாள் ஆகவில்லை. அந்நாளைய முன்னாள் முதலமைச்சர் நிதிஷ் குமார் ஊருக்கு வந்தபோது மக்கள் வரிசையில் நின்று ஒரு முழக்கத்தை எழுப்பினார்கள். அவர்கள் கேட்டது 'அஸ்லி பிஜிலி'. வேண்டாம் என்றது 'நக்லி பிஜிலி'. இச்சொற்களைத் தமிழாக்கும்போது சற்றே கவனம் வேண்டும். அசல், நகல் என்ற சொற்கள் தமிழிலும் வழங்குகின்றன. ஆனால் தமிழில் நகல் என்றால் மூலத்தின் படி என்றே பொருள். அதில் இழிவு இல்லை. இந்தியில் 'நக்லி' என்றால் போலி. கூரைமேல் மின்னிய தகடுகளிலிருந்து வந்த அந்தத் தூய மின்சாரத்தைத் தர்னாய் மக்கள் போலி என்றார்கள். அரசின் கம்பியில் வரும் நிலக்கரி மின்சாரமே அசல் என்றார்கள்.

இதை மக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. சூரிய நிலையத்தின் மின்சாரம் யூனிட்டுக்குக் குறைந்தது 9 ரூபாய். அரசு மின்சாரமோ ஏறத்தாழ 3 ரூபாய். சூரிய மின்சாரத்தில் விளக்கெரிக்கலாம், சிறு மின்விசிறி சுழற்றலாம், கைபேசிக்கு மின்னேற்றலாம். குளிர்பதனப் பெட்டியையோ அரிசி வேகவைக்கும் மின்கலனையோ மாட்டினால் நிலையம் தாங்காது. பாட்னா நகரத்தில் குளிரூட்டப்பட்ட அறையில் இருப்பவர் மலிவான மின்சாரத்தை வேண்டுமட்டும் பயன்படுத்த, முப்பது ஆண்டு இருளில் கிடந்த ஓர் ஊர் மட்டும் மூன்று மடங்கு விலை கொடுத்து, அளந்து அளந்து செலவழித்து, உலகின் தட்பவெப்பத்தைக் காக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? முழக்கத்தின் உள்ளே இருந்த கேள்வி இதுவே. அது தொழில்நுட்பம் பற்றிய கேள்வியன்று. குடிமக்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவினை பற்றிய கேள்வி.

அரசு மின்சாரம் ஊருக்குள் வந்தது. சூரிய நிலையத்துக்குக் கட்டணம் செலுத்துவோர் குறைந்தனர். சில ஆண்டுகளில் மின்கலங்கள் தேய்ந்தன. மாற்றப் பணமில்லை, பொறுப்பேற்க ஆளுமில்லை. கடைசியில் நிலையத்தின் வளாகத்தில் மாடு கட்டினார்கள்.

தவறு எங்கே?

இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு தவறான முடிவுகளுக்கு வருவது எளிது. சூரிய மின்சாரம் ஏழை நாட்டுக்கு ஒத்துவராது என்பது ஒன்று. மக்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மையல்ல. தர்னாயில் நிறுவப்பட்ட நிலையம் தொடக்கத்தில் மாநில மின்கட்டமைப்புடன் இணைக்கப்படவில்லை. பகலில் மிகுந்த மின்சாரத்தை வெளியே அனுப்ப வழியில்லை. இரவில் குறைந்ததை வெளியிலிருந்து பெற வழியில்லை. ஆகவே எல்லாவற்றையும் மின்கலத்தில் தேக்க வேண்டியிருந்தது. விலை ஏறியது அதனால்தான். அதே 100 கிலோவாட் தகடுகள் அரசின் கம்பியோடு இணைக்கப்பட்டு, அரசின் கட்டணமே எல்லோருக்கும் பொருந்தியிருந்தால், அசல் என்றும் போலி என்றும் இரண்டு மின்சாரம் அவ்வூரில் இருந்திருக்காது.

சிறு நிலையமும் பெருங்கட்டமைப்பும் எதிரிகள் என்ற எண்ணம் சுற்றுச்சூழல் ஆர்வலர் சிலரிடம் உண்டு. பெரியதே வளர்ச்சி என்ற எண்ணம் இடதுசாரிகள் சிலரிடமும் நெடுங்காலம் இருந்தது. மின்மயமாக்கலைப் புதிய சமுதாயத்தின் அடித்தளமாகக் கண்ட லெனின் 1920இல் முன்வைத்த திட்டம் பெருநிலையங்களையே நம்பியிருந்தது. அன்றைய தொழில்நுட்பத்தில் வேறு வழியும் இல்லை. இன்று ஒரு வீட்டின் கூரையே சிறு மின் நிலையமாகலாம். அந்தக் கூரை யாருடையது, அதன் மின்சாரம் எந்தக் கம்பியில் ஏறி யாரைச் சென்றடைகிறது என்பவையே இன்றைய அரசியல் கேள்விகள்.

மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சிக் காலத்தில் இதில் ஓர் ஆரம்ப முயற்சி நடந்தது. கங்கை கடலில் கலக்குமிடத்தில் உள்ள சாகர் தீவின் கமல்பூரில் 1996இல் சுமார் 25 கிலோவாட் சூரிய நிலையம் ஒன்றை மாநில மரபுசாரா எரிசக்தி முகமை அமைத்தது. ஆற்றைக் கடந்து கம்பி இழுப்பது அக்காலத்தில் பெருஞ்செலவு. மாலையில் சில மணி நேரம் மட்டுமே மின்சாரம். கட்டணம் திரட்டும் பணியும் மேற்பார்வையும் நுகர்வோரின் கூட்டுறவுச் சங்கத்திடம் விடப்பட்டன. பின்னர் தீவின் பிற ஊர்களுக்கும் இம்முறை பரவியது. கம்பி வரும்வரை காத்திரு என்று தீவு மக்களிடம் சொல்லாமல், பொதுத்துறை முகமையே பொறுப்பேற்றது அங்கிருந்த வேறுபாடு. பெருங்கட்டமைப்பின் கம்பி தீவுக்கு வந்தபோது மக்கள் அதனையும் வரவேற்றார்கள். அதில் முரண்பாடு ஏதுமில்லை.

வெயிலைப் பயிரிட்டவர்கள்

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊர். அங்கே டீசல் பம்புகளால் நீரிறைத்துவந்த ஆறு விவசாயிகள், பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையுடன், சூரிய பம்புகளை நிறுவி 2016இல் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் செயல்படத் தொடங்கினார்கள். மொத்தத் திறன் 56.4 கிலோவாட். சூரிய நீர்ப்பாசனத்துக்கென உலகில் அமைந்த முதல் கூட்டுறவு என்று அது குறிப்பிடப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது பம்பு அல்ல, ஒப்பந்தம். விவசாயிக்குச் சூரிய பம்பு கொடுத்தால் நீரிறைக்கும் செலவு ஏறத்தாழ இல்லாமற்போகிறது. வெயில் உள்ளவரை பம்பு ஓடும். ஓடும்வரை நிலத்தடி நீர் இறங்கும். தூய எரிசக்தி என்ற பெயரால் கிணறுகள் வற்றும். வட குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் நிலத்தடி நீர் ஏற்கெனவே பாதாளத்தை நோக்கிச் செல்லும் நிலையில் இது சிறிய ஆபத்தன்று. துண்டியில் இதற்கு ஒரு மாற்று காணப்பட்டது. தமது பாசனத்துக்குப் போக எஞ்சிய மின்சாரத்தைச் சங்கம் ஒரே அளவியின் வழியாக அரசு மின் விநியோக நிறுவனத்துக்கு விற்கும். யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். ஈடாக, மானிய விலையில் விவசாய மின் இணைப்புக் கோரும் உரிமையை அவர்கள் அக்காலம் முழுவதும் விட்டுக்கொடுத்தார்கள். தொடக்கக் காலத்தில் ஆய்வு நிறுவனம் தன் பங்குக்கு ஊக்கத்தொகையும் சேர்த்து யூனிட்டுக்கு 7 ரூபாய் 13 காசு கிடைக்கச் செய்தது.

இறைத்து வீணாக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு விலை ஏற்பட்டது. பம்பை நிறுத்தினால் வருமானம். நெல்லும் கோதுமையும் விளையும் நிலத்தின் ஓரத்தில் வெயிலும் ஒரு பயிராயிற்று. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பூச்சிக்கும் தப்பிய பயிர், விலை முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்ட பயிர். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு விவசாயிகள் டெல்லியின் எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் போராடிய நாட்டில், ஆறு விவசாயிகள் ஒரு விளைபொருளுக்கு 25 ஆண்டுக்கான விலையை எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எனினும் துண்டியை வானளாவப் புகழ்வோர் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. ஊக்கத்தொகை வெளியிலிருந்து வந்தது. நாடெங்கும் அதை யார் தருவார்? பம்பு வைத்திருப்பவர் நிலமுள்ளவர். குத்தகைக்காரருக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்தச் சங்கத்தில் இடமில்லை. ஒரு சிறு கூட்டுறவு நிலவுடைமையின் குணத்தை மாற்றிவிடாது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கர் பரப்பில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா அமைந்துள்ளது. அங்கும் நிலம் பறிக்கப்படவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்ற அடிப்படையில் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. நிலமுள்ளவருக்கு வறட்சிப் பகுதியில் அது நிச்சயமான வருமானம்தான். அந்நிலங்களில் களையெடுத்தும் கதிரறுத்தும் ஆடு மேய்த்தும் பிழைத்தவர்களுக்கு வாடகை கிடையாது. மின்சாரம் தூயதாயினும் அதன் உடைமை உறவு பழையதாகவே இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. துண்டியில் வாழ்வை இழந்தவர் இல்லை, பாவகடாவில் உண்டு.

சிக்கனம் என்ற சொல்

'மின்சார சிக்கனம் தேவை இக்கணம்' என்ற முழக்கம் தமிழ்நாட்டு மின் நுகர்வோருக்கு மனப்பாடம். எதுகை நன்றாக அமைந்துவிட்டதால் அது நிலைத்துவிட்டது. ஆனால் சிக்கனம் என்ற சொல் ஏழையின் காதில் வேறுவிதமாக ஒலிக்கிறது. ஒற்றை விளக்கு எரியும் வீட்டில் சிக்கனம் என்றால் அந்த விளக்கையும் அணைப்பது. ஒன்றரை டன் குளிரூட்டி ஒன்று ஓடும்போது ஏறத்தாழ 1,500 வாட் இழுக்கிறது. புதுவகை மின்விசிறிக்கு 30 வாட் போதும். ஒரு குளிரூட்டி நின்றால் 50 மின்விசிறிகள் சுழலும். சிக்கன உபதேசம் எந்த வீட்டில் தொடங்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

ஆகவே உழைக்கும் மக்களிடையே பேச வேண்டியது குறைவாகப் பயன்படுத்துவதைப் பற்றியல்ல. அதே வெளிச்சத்தை, அதே காற்றை, அதே சோற்றைக் குறைந்த எரிசக்தியில் பெறுவதைப் பற்றி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு உணர்ந்து செயல்பட்ட இயக்கம் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். 1962இல் மலையாளத்தில் அறிவியல் எழுதுவோரின் சிறு சங்கமாகத் தொடங்கிய அது, 1970களின் பிற்பகுதியில் சைலன்ட் வேலி நீர்மின் திட்டத்தை எதிர்க்கும் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. காட்டை அழிக்காதே என்று மட்டும் சொன்னால் போதவில்லை. மலபாருக்கு மின்சாரம் வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது, நேர்மையான கேள்வி. இடதுசாரி இயக்கத்துக்குள்ளும் அது கடும் விவாதமாயிற்று. 1984இல் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரிஷத் அத்துடன் கடமை முடிந்தது என்று கலைந்துவிடாமல், இருக்கும் எரிசக்தியை எப்படித் திறம்படப் பயன்படுத்துவது என்று சமையலறைக்குள் நுழைந்தது.

நுழைந்தது என்பது சரியான சொல். பரிஷத் அடுப்பு என்றே கேரளத்தில் பெயர்பெற்ற புகைபோக்கி அடுப்பு அவ்வாறு உருவானது. நாடெங்கும் இதே காலத்தில் ஒன்றிய அரசும் மேம்பட்ட அடுப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. 1980களின் முற்பகுதியிலிருந்து 2002 வரை 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டதாகக் கணக்கு. அவற்றில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே இடிக்கப்பட்டன அல்லது கைவிடப்பட்டன. இலக்கை எட்ட வேண்டிய அலுவலர், எண்ணிக்கைக்குக் கூலி பெற்ற ஒப்பந்தக்காரர், தன் பாத்திரத்தின் அளவைக்கூட யாரும் கேட்காத பெண். இம்மூவரும் சேர்ந்த இடத்தில் அடுப்பு நிலைக்காது. பரிஷத் அடுப்பு கட்டும் தொண்டர்களைப் பயிற்றுவித்தது. கட்டிய வீட்டுக்கு மறுபடியும் போனது.

அடுப்பைவிட எளியது சூடாறாப் பெட்டி. வெப்பம் வெளியேறாத வகையில் உட்புறம் தெர்மோகோல் பொதிந்த பெட்டி, அவ்வளவுதான். கேரளத்துச் சிவப்பரிசி வேக நெடுநேரமாகும். உலை கொதித்துச் சில நிமிடங்கள் ஆனதும் பானையை இறக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், உள்ளிருக்கும் சூட்டிலேயே சோறு வெந்துவிடும். விறகோ எரிவாயுவோ கணிசமாக மிச்சமாகிறது. அதைவிட முக்கியமானது, அடுப்பருகே நிற்க வேண்டிய ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணுக்குத் திரும்பக் கிடைக்கிறது. எரிசக்திக் கணக்குகளில் மனித உழைப்பின் இந்தப் பகுதி எங்கும் பதிவாவதில்லை. பாலக்காடு மாவட்டத்து முண்டூரில் பரிஷத் நடத்தும் கிராமியத் தொழில்நுட்ப மையம் 1987 முதல் இத்தகைய கருவிகளில் ஆய்வு செய்துவருகிறது.

1996 ஆகஸ்டில் கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளின் கைக்கு வந்தபோது, இத்தகைய முயற்சிகளுக்கு முதன்முறையாக ஒரு நிரந்தர முகவரி கிடைத்தது. தன்னார்வத் தொண்டர் சோர்ந்தாலும் பஞ்சாயத்து இருக்கும். பிற்காலத்தில் குண்டு பல்புகளை அறவே ஒழிக்கும் திட்டத்தைக் கேரள மின்வாரியம் மேற்கொண்டபோது இதன் பயன் தெரிந்தது. 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று 65 ரூபாய். விலையை மின் கட்டணத்தோடு தவணையில் செலுத்தலாம். பழைய பல்புகளை வாரியமே பெற்றுக்கொள்ளும். காசர்கோடு மாவட்டத்தின் பீலிக்கோடு, குண்டு பல்பே இல்லாத முதல் பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது.

இதில் சாதாரண வீட்டுக்கு என்ன கிடைக்கிறது? 60 வாட் பல்புக்குப் பதில் 9 வாட் விளக்கு. மிச்சம் 51 வாட். நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 93 யூனிட். ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி தேவை. அப்படியானால் ஒரேயொரு பல்பு மாறுவதால் ஆண்டுக்கு 65 கிலோ நிலக்கரி மண்ணுக்கடியிலேயே தங்குகிறது. கம்பி வழியில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

எல்.இ.டி. விளக்கின் விலை இறங்கிய வரலாறும் கூறத்தக்கதே. 2014 தொடக்கத்தில் கொள்முதல் விலை 310 ரூபாய். 2016இல் 38 ரூபாய். சந்தையின் மாயக்கை இதைச் செய்யவில்லை. நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த இ.இ.எஸ்.எல். கோடிக்கணக்கில் மொத்தக் கொள்முதல் செய்ததால் விலை சரிந்தது. 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் அவ்வழியில் மக்களைச் சென்றடைந்தன. விளம்பரத்தில் தலைவரின் படம் இருந்தது. வேலையைச் செய்தது பொதுத்துறை.

மாலை ஆறு மணிக்குப் பின்

நிலக்கரியே இன்றும் இந்தியாவின் மின் உற்பத்தியில் 70 விழுக்காட்டுக்கு மேல் தாங்குகிறது. சூரிய மின்சாரம் வேகமாக வளர்கிறது. நண்பகலில் சில நேரங்களில் மிகுதியாகவும் இருக்கிறது. மாலை ஆறுக்குப் பின் அது இல்லை. அப்போதுதான் வேலை முடிந்து வீடு திரும்புகிறார்கள். விளக்கெரிகிறது, விசிறி சுழல்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த மாலை நேர உச்சத் தேவையை நிலக்கரியும் நீர்மின்சாரமுமே சுமக்கின்றன. எனவே நண்பகலில் ஒரு யூனிட் கூடுதலாக உற்பத்தி செய்வதைக் காட்டிலும், மாலையில் ஒரு யூனிட்டைத் தேவையற்றதாக்குவது பலநேரம் மேலானது. எல்.இ.டி. விளக்கும் 30 வாட் மின்விசிறியும் செய்வது அதைத்தான். ஊர்தோறும் சூரியத் தகடு என்று பேசுவோர் ஊர்தோறும் மின்விசிறி மாற்றுவதைப் பற்றிப் பேசுவதில்லை. அதில் திறப்பு விழா நடத்த முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். புதியது 40 வாட்டுக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. ஆனால் ஏறத்தாழ இருமடங்கு விலை. கட்டணம் குறைந்து அந்த வேறுபாடு ஈடாக ஓரிரு ஆண்டுகளேனும் ஆகும். அன்றாடக் கூலி பெறுபவரால் அந்த முதலை முன்கூட்டிப் போட இயலாது. பல்புக்குக் கேரளத்தில் செய்ததுபோல், பொதுத்துறை மொத்தமாக வாங்கி, மின் கட்டணத்தில் தவணையாகப் பிடிக்கும் முறையை விசிறிக்கும் ஏற்படுத்து என்று கேட்பது நடைமுறைக்கு உகந்த கோரிக்கை.

இந்த இடத்தில் ஒன்றிய அரசு என்ன செய்கிறது? 2023இல் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, நேரத்துக்கேற்ற கட்டணத்தை விவசாயம் நீங்கலாக எல்லா வகையினருக்கும் படிப்படியாகக் கொண்டுவர வழிசெய்தது. வெயில் நேரத்தில் கட்டணம் குறையும்; உச்ச நேரத்தில் 10 முதல் 20 விழுக்காடு கூடும். ஸ்மார்ட் மீட்டர் அதற்கான கருவி. பகலில் சலவை இயந்திரத்தை ஓட்டும் வசதியுள்ளவருக்குச் சலுகை. காலை ஏழுக்கு வேலைக்குப் போய் மாலை ஏழுக்குத் திரும்பும் தொழிலாளிக்குத் தண்டனை. அவர் விளக்கேற்றும் நேரத்தை எப்படி நண்பகலுக்கு மாற்றுவார்? சூரியனின் பெயரால் உழைப்பவரிடம் வசூலிக்கும் ஏற்பாடு இது.

இன்னொன்று, கூரை. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட கூரைமேல் சூரிய மின் திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, ஒரு கோடி வீடுகள் இலக்காக வைக்கப்பட்டுள்ளன. 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடியளவு கூரை வேண்டும். சொந்தக் கான்கிரீட் கூரை உள்ளவருக்கு இது நல்ல திட்டம். வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டு வீடும் ஒண்டுக் குடித்தனமும் அடுக்ககத்தில் ஆறாவது மாடியும் உள்ளவர்க்கு அதில் இடமில்லை என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய விளைவு மறைவாக நிகழ்கிறது. அதிக யூனிட் பயன்படுத்தி அதிகக் கட்டணம் செலுத்தும் நுகர்வோரின் பணத்திலிருந்துதான் ஏழை வீட்டுக்கும் சிறு விவசாயிக்கும் குறுக்கு மானியம் கிடைக்கிறது. அத்தகையோர் முதலில் கூரைமேல் தகடு போட்டுக்கொண்டு வாரியத்துக்குச் செலுத்துவதைக் குறைத்துவிட்டால், கம்பிகளையும் மின்மாற்றிகளையும் பராமரிக்கும் செலவு எஞ்சியவர்கள் தலையில் விழும். மின் விநியோகத்தைத் தனியாருக்குத் திறந்துவிடும் 2022ஆம் ஆண்டு மின்சாரத் திருத்த மசோதாவும் இதே திசையில்தான் சென்றது: இலாபமுள்ள நுகர்வோரைப் பொறுக்கியெடுத்துக்கொள்ளும் உரிமை. மின் ஊழியர்களும் விவசாயிகளும் அதை எதிர்த்துப் போராடியதன் பொருள் அதுதான்.

அதனால் கூரை மின்சாரத்தை எதிர்ப்பது மாற்றாகாது. கூரையைப் பொதுவாக்குவதே மாற்று. திருச்சூர் மாவட்டத்துப் பெரிஞ்ஞனம் பஞ்சாயத்து, வீட்டுக்காரர்களைத் தனித்தனியே வணிகரிடம் விடாமல் ஒன்றுதிரட்டிக் கூரைமேல் நிலையங்களை அமைத்து வாரியத்தின் கம்பியோடு இணைத்தது. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. காற்றாலை நிற்பது காற்று வீசும் வேறோர் பகுதியில். இடையே உள்ள தூரத்தை அரசின் மின்கட்டமைப்பு இணைத்தது. ஊராட்சியின் தேவைபோக மிஞ்சியதற்கு வாரியம் பணம் தந்தது. டெல்லியில் 2019 முதல், வேறிடத்தில் உள்ள கூட்டு நிலையத்தின் மின்சாரத்தைப் பல வீடுகளின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறைக்கு விதிகள் உள்ளன. கூரையில்லாதவரும் சூரியனில் பங்கு பெறக்கூடிய வழி அது. பள்ளிக் கட்டடம், கூட்டுறவுச் சங்கக் கிடங்கு, சமுதாயக் கூடம் ஆகியவற்றின் கூரைகளில் அமைத்து, குடிசைப் பகுதி வீடுகளின் கணக்கில் வரவு வைக்க முடியும். மாநில ஒழுங்குமுறை ஆணையங்களின் முன் வைக்க வேண்டிய கோரிக்கை இது.

நிலக்கரித் தொழிலாளர் பற்றியும் ஒரு சொல். கோல் இந்தியாவில் மட்டும் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் நேரடிப் பணியில் உள்ளனர். ஒப்பந்தத் தொழிலாளர் தனி. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் ஊர்கள் முழுவதும் சுரங்கத்தை நம்பியுள்ளன. அவர்களுக்கு மாற்று வேலையும் ஓய்வூதியமும் உறுதி செய்யாமல் தூய எரிசக்தி பேசுவது தர்னாய் மக்களிடம் சொன்னதையே வேறு ஊரில் சொல்வதாகும்.

கிளை மட்டத்தில் எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி இயல்பாக எழும். பெரும்பாலான கிராம ஊராட்சிகளின் மின் செலவில் தெருவிளக்கும் குடிநீர்ப் பம்புமே பெரும்பகுதி. குழல்விளக்குகள் எத்தனை இன்னும் மாற்றப்படவில்லை, பகலில் அணைக்கப்படாமல் எரிபவை எத்தனை, பம்பு எவ்வளவு பழையது, குழாய் எங்கே கசிகிறது என்பவற்றை அறிய பொறியாளர் தேவையில்லை. குழாயில் கசியும் ஒவ்வொரு குடம் நீரும் மின்சாரம் செலவழித்து ஏற்றப்பட்டதே. சேமிக்கும் தொகை ஊராட்சியின் கணக்கிலேயே தங்கி அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ செலவிடப்பட வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது; இல்லையேல் அது காணாமற்போகும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. அதற்கு முன் ஊராட்சியின் கடந்த ஓராண்டு மின் கட்டணச் சீட்டுகளைக் கேட்டுப் பெற்று, எந்த இணைப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதிப் பார்க்க, இரண்டு தோழர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.